சித்திக்கு இரண்டாவது பொருள்

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு வீட்டிலும் கண் சும்மா இருக்காது. கடைப் பலகையில் ஒற்று விட்டுப்போயிருந்தால்கூட நின்று முறைத்துவிட்டுத்தான் நகர்வாள். ஆனால் இப்போது அவள் துருவிக்கொண்டிருப்பது எழுத்துப்பிழை இல்லாத ஒரு பிழையை.

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மாவின் தங்கை திரும்பிப் போகவில்லை. போகாவிட்டால் என்ன? பேச்சு வந்த நாளிலிருந்து சித்தி, சித்தி என்று அவள் காலையே சுற்றி வந்தவள்தானே இவள்? பரீட்சையில் கோட்டை விட்டபோதும் காதலித்தவன் கைகழுவியபோதும் கண்ணைக் கசக்கியது சித்தியின் மடியில்தான். அம்மா வழியில் மிச்சம் அவள் ஒருத்திதான். அவளையும் பறிகொடுத்துவிடுவோமோ என்றுதான் பயம்.

இந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது அகராதி. வேறு எதற்கோ புரட்டியபோது கண்ணில் பட்டுத் தொலைத்தது. சித்தி: தாயின் தங்கை. அடுத்து, தந்தையின் இரண்டாம் மனைவி. அதற்கும் கீழே வடமொழியிலிருந்து வந்த இன்னொரு சித்தி: நினைத்தது கைகூடுதல். பாவி மனுஷன், வரிசையாக வேறு போட்டிருக்கிறான்!

அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டாள். சித்தி அப்பாவைக் கூப்பிடுவது அத்தான் என்று. அக்கா புருஷனும் அத்தான், கட்டின புருஷனும் அத்தான். எதை வைத்துப் பிடிப்பது? உச்சரிப்பை வைத்துத்தான். முன்பெல்லாம் கதவைத் தட்டுகிற மாதிரி வெடுக்கென்று விழும். இப்போது 'தா' கொஞ்சம் இழுபடுகிறது. இழுபடுகிறதா, இல்லை இவள் காதுதான் நீண்டுவிட்டதா என்று அவளுக்கே குழப்பம்.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, கேஸ் தீர்ந்துடுச்சு."

என்னங்க! அதற்கு ஒரே பொருள்தான்.

"சித்தி, யாரைக் கூப்பிட்ட?"

எட்டிப் பார்த்த சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. பின்னாலேயே வந்த அப்பா தொண்டையைச் செருமினார்.

"உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தள்ளிப் போட்டுட்டே வந்தோம்மா. போன வாரம் ரிஜிஸ்டர் பண்ணிட்டோம்."

"சரி. இனிமே இவங்களை நான் என்னன்னு கூப்பிடணும்?"

"நீ எதையும் மாத்த வேண்டாமே. சித்தின்னே கூப்பிடு."

ஆறுதலாகத்தான் சொன்னார் மனுஷன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பாவே ஒரு வார்த்தை சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றால், ஒரு பெண் யாரிடம் ஓடிப்போய் அழுவாள்?

சித்தி வந்து தோளைத் தொட்டாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

"திட்டணும்னா திட்டிடு. மனசுக்குள்ள போட்டு அடைக்காத. எதுவா இருந்தாலும் சித்திகிட்டதானே சொல்லுவ?"

"எந்தச் சித்திகிட்ட?"