போனடியில் ஆர்?

சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு சேற்றுக்குள் ஓடுவதற்குக் காசு கட்டுகிறார்கள் என்று கஜீவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது 1995 ஒக்ரோபர். இரண்டு கிழமையில் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளோடும் மூட்டையோடும் மழைக்குள் வெளியேறியது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் நாங்கள் நான்கு பேர்: சைக்கிள் பைத்தியம் கஜீவன், அகஸ்ரின், சண்முகலிங்கம், நான். அகஸ்ரினின் தாய்தகப்பன் அந்தச் சனத்தோடு வெளிக்கிட்டவர்கள். எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தகவலும் இல்லை. தகப்பன் ஞாயிறுப் பூசை தவறாத மனுசன். மகனோ கனடா வந்து கோயில் வாசல் மிதிக்காதவன். இரண்டு வேலை செய்கிற மகன் ஞாயிறு காலையில் மட்டும்தான் வீட்டில் நிற்பான் என்று அவர்களுக்குத் தெரியும். கோல் வந்தால் ஞாயிறு காலையில்தான் வரும். மூன்று ஞாயிறு அவன் சாப்பிடாமல் போனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

“நீ முழிச்சுப் பாத்துக்கொண்டிருந்தா அது அடிக்குமே? கஜீவனோட அந்தச் சேத்து ரேசுக்குப் போ. நான் போனடியில இருக்கிறன்,” என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான்.

நாலாம் ஞாயிறு அவர்கள் இருவரும் போய் அரை மணித்தியாலத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரவு வேலை முடித்து வந்த சண்முகலிங்கம் போனடியில் படுத்திருந்தான். அடித்தால் எழும்புவான்தானே என்று பஸ் ஏறிவிட்டேன்.

பூங்காச் சரிவில் குறுக்கே பலகைகள் நட்டிருந்தார்கள். அந்த இடத்தில் எல்லோரும் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுப் பலகையைத் தாண்டி, மேட்டில் ஓடி ஏற வேண்டும். மொத்தம் ஆறு சுற்று. அகஸ்ரின் கடைசியிலிருந்து மூன்றாவது. ஆனாலும் ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் உயிர்க்களை வந்திருந்தது. எனக்கு அப்படியொரு சந்தோசம். “விடாதையடா!” என்று கத்தினேன். பக்கத்தில் இன்னொரு குரலும் அதையே கத்தியது. திரும்பினால் சண்முகலிங்கம்.

“நீ என்னடா இஞ்சை?”

“வோஷ்ரூமில லைற் எரிஞ்சது. நீ குளிக்கிறாய் எண்டு நினைச்சு வந்திட்டன்.”

லைற்றை அணைக்காமல் வந்த மூதேவி நான்.

அடுத்த சுற்றில் அகஸ்ரின் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் நின்ற சண்முகலிங்கத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

“போனடியில ஆர்?”



அவன் ஏசவில்லை. பாதையோரம் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி வெளியே வந்தான். முதுகில் இலக்கத்தோடு வீதியில் ஏறி, வீட்டுப் பக்கம் மிதித்தான். கஜீவன் எட்டாவதாக வந்ததை நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, அகஸ்ரின் சேறு காய்ந்த உடுப்போடு போனடியில் இருந்தான். மத்தியானம் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தான். போட்டி நடத்தியவர்கள். ஐம்பத்திரண்டாம் இலக்கம் எங்காவது விழுந்து கிடக்கிறதோ என்று விசாரித்தார்கள். “ஐ ஆம் ஓகே, தாங்க்யூ,” என்றான். லைன் பிஸியாக இருக்கக் கூடாதென்று உடனே வைத்துவிட்டான்.

தாயின் கோல் மூன்று கிழமை கழித்து, இன்னொரு ஞாயிறு, வவுனியாவிலிருந்து வந்தது. நான்தான் எடுத்து அவனிடம் கொடுத்தேன். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. தகப்பன் காய்ச்சலில் கண்மூடிப் பத்து நாளாம்.

“மூண்டு கிழமைக்கு முதல், உங்கட ஞாயிறு காலமை, அவரையும் கூட்டிக்கொண்டு வந்து எடுத்தனான் தம்பி. கனநேரம் அடிச்சது. நீ பூசைக்குப் போயிருப்பாய் எண்டு அப்பாவுக்கு நல்ல சந்தோசம்.”

அகஸ்ரின் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“ஓமம்மா,” என்றான். “பூசைக்குத்தான் போனனான்.”