பச்சைப் புள்ளிகள்

ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கிறவன், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளறையில் நுண்ணோக்கிக்கு அடியில் கிடந்தவை அவன் மகளின் செல்கள். தசை கரைகிற நோய் அவளுக்கு. கால் ஓய்ந்துவிட்டது, வாய் ஓயவில்லை. வீட்டில் பெயரே வாயாடி.

கெட்ட மரபணுவுக்குப் பதில் நல்லதை உள்ளே அனுப்ப வேண்டும். வைரஸ் மேல் ஏற்றி அனுப்பலாம் என்றார்கள் டாக்டர்கள். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இவள் உடம்புக்கு அந்த வைரஸை முன்பே தெரியும், விட்டால் சண்டைக்கு நிற்கும் என்று கைவிரித்தார்கள். மிச்சம் இருந்தது, இங்கே ஆராய்ச்சிக்காரப் பெண் கட்டிக்கொண்டு அழுகிற பெப்டைடுதான். புரதத்தின் சின்னத் துண்டு அது. மரபணுவைப் பொட்டலம் கட்டிச் செல்லுக்குள் கூட்டிப்போகும். வாயாடியின் தொடையில் கிள்ளி எடுத்து வளர்த்த செல்களில் அன்று அதற்குச் சோதனை.

"அண்ணே, வந்து பாருங்க. பொட்டலத்துக்குப் பச்சைச் சாயம் போட்டிருக்கேன்."

குனிந்து பார்த்தான். எங்கே பார்த்தாலும் பச்சைப் புள்ளிகள்.

"உள்ள போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சுண்ணே, ஆனா..."

அந்த ஆனாவுக்கு அவன் நிற்கவில்லை. வராந்தாவுக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டான். மனைவிதான் எடுத்தாள். வாயாடி பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் குடுத்துடவா? நீயும் ஓடணும், எங்கிட்டத் தோத்துட்டு அழக்கூடாது, சொல்லிட்டேன்!"

பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தவனைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று.

"வீட்டுக்குச் சொல்லிட்டீங்களாண்ணே?"

"சொல்லாம?"

"புள்ளி புள்ளியா நிக்குது பாருங்க. செல்லு அதைப் பைக்குள்ள போட்டு மூடிடுச்சு. அங்கேயே செரிச்சுடும். மரபணுவோட சிவப்பு காட்டுற அடையாளமும் சேர்த்திருக்கேன்; அது வெளிய வந்து வேலை செஞ்சிருந்தா செல்லு முழுக்கச் சிவப்பாத் தெரியணும். ஒண்ணு கூட இல்லண்ணே."

"இன்னும் கொஞ்சம் கூடப் போட்டா?"

"செல்லே செத்துடும். முன்னாடி அதான் ஆச்சு."

"அப்ப?"

"பெப்டைடை மாத்திச் செய்யணும்."

"எப்பம்மா முடியும்?"

அவள் சுத்தமாக இருந்த நுண்ணோக்கிக் கண்ணாடியை மறுபடி துடைத்தாள்.

சாயங்காலம், செல் வளர்த்துப் பார்த்து முடித்த தட்டுகள் தொட்டியடிக்கு வந்தன. பிளீச்சிங் ஊற்றிக் கொன்றுதான் கொட்ட வேண்டும். அது அவன் வேலை. மகளுடைய தட்டை மட்டும் கடைசிக்கு ஒதுக்கிக்கொண்டே வந்தான். கடைசியும் வந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இந்த நேரத்தில் வாயாடிதான். இடது கையில் தட்டு, வலது கையில் பாட்டில். இரண்டையும் கீழே வைக்காமல், போன் தானாக அடங்கட்டும் என்று நின்றான். அடங்கி, மறுபடி அதிர்ந்தது.