ஒரே மூச்சில் பேசுபவள்

ஓரகத்திகள் இருவரும் மருத்துவமனை வேலைக்கான ஒரே பயிற்சிக்குப் பெயர் கொடுத்தது ஒருவருக்கொருவர் தெரியாமல்தான். மாடியில் துணி காயப்போடும் கொடி யாருக்கு என்ற சண்டையில் அவர்களுக்குள் பேச்சு நின்று மாதக்கணக்காகிவிட்டது. வகுப்பில் மற்றவர்களெல்லாம் ஜோடி சேர்ந்துவிட, மிச்சம் நின்றது இவர்கள் இரண்டு பேர்தான்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துக்கங்க" என்றார் பாடம் நடத்தும் நர்ஸம்மா.

ரத்தம் எடுக்க, ரப்பர் கையில் ஊசி குத்திப் பழகியபின் நிஜக் கைக்கு வந்தார்கள். பெரியவள் சின்னவளின் முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்துக் குத்தினாள். ரத்தம் வரவில்லை. பஞ்சை வைத்து அழுத்திவிட்டு அடுத்த கையில் குத்தினாள். அதிலும் வரவில்லை.

"வேணும்னே குத்துறீங்களாக்கா?"

"ஏன் சொல்ல மாட்ட, தண்ணி குடிக்காம வந்துட்டு, கையையும் விறைப்பா வச்சிக்கிட்டு, உன்னை மாதிரியே பிடிவாதம் பிடிக்கிற நரம்பை வச்சிக்கிட்டு, பழி மட்டும் எம்மேலயா?"

ஒரே மூச்சு. வீட்டில் எல்லோரும் அறிந்த மூச்சு. மாமியாரே அதற்கு அடங்கிப் போவார்.

அடுத்தது சின்னவளின் முறை. முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. ஊதா மூடி போட்ட சோதனைக் குழாய் நிறைந்ததும் பட்டையைத் தளர்த்தி, ஊசியை எடுத்து, பஞ்சை அழுத்தச் சொன்னாள். பெருமை தாங்காமல் குழாயைக் குலுக்கப் போனாள்.

"குலுக்காத. ரத்த அணு உடைஞ்சிடும். மெதுவா கவுத்துக் கவுத்து நிமித்து" என்றார் நர்ஸம்மா.

பக்கத்து அறையில் தரை கழுவ ஊற்றிய மருந்தின் நெடி உள்ளே வந்தது. சின்னவளைத் திட்ட நல்ல வாய்ப்பு கிடைத்துவிட்டதே என்று பெரியவள் வாயைத் திறந்தாள்.

"இதுகூட... தெரியாம..." நின்றாள். "நீ எல்லாம்..."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். பெரியவளின் தோள்கள் ஏறி இறங்கின. கழுத்துக்குழி உள்ளே இழுத்தது. மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டது.

"மயக்கம் போல, படுக்க வைங்க" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி.

"படுக்க வைக்காதீங்க! மூச்சு இன்னும் முட்டும்."

சொல்லிக்கொண்டே சின்னவள் பெரியவளை நாற்காலியில் நிமிர்த்தி, கொஞ்சம் முன்னால் சாய வைத்தாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். பெரியவள் விரலால் தன் கைப்பையைக் காட்டினாள். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றி, நீல நிற இன்ஹேலர் இருந்தது.

நர்ஸம்மா மருந்து அடிக்கும் பிளாஸ்டிக் குழலோடு ஓடி வந்தார். ஒரு அழுத்து, நான்கு மூச்சு. மறுபடி ஒரு அழுத்து. சின்னவள் பெரியவளின் கையை விடாமல் எண்ணினாள். அதற்குள் ஒருத்தி ஆம்புலன்ஸை அழைத்திருந்தாள். அது வந்து சேர்வதற்குள் விசில் குறைந்தது. ஆனாலும் நர்ஸம்மா விடவில்லை, ஏற்றி அனுப்பினார்.

வண்டியில் பெரியவள் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினாள்.

"வீட்ல சொல்லிடாத. கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே இருக்கு. மறைச்சிட்டோம்."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. இன்னொரு தடவ நான் பக்கத்துல இருப்பேன்னு என்ன நிச்சயம்? முதல்ல முகமூடியைப் போடுங்கக்கா."

அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பெரியவள் கூடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும். விடியக்காலைல நீ இழுக்குற இழுப்பு சுவருக்கு மட்டுமா கேக்கும்? நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

பெரியவளின் கணவன்தான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் டாக்டரிடம் அவனே கூட்டிப் போனான். தினமும் இழுக்க வேறொரு மருந்தைக் கொடுத்தார்கள்.

பயிற்சி முடிந்து சின்னவள் ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பெரியவள் அதே கட்டடத்தில், மூச்சுத்திணறலோடு வருபவர்களை உட்கார வைத்துப் முகமூடி வழியாகப் புகைமருந்து கொடுக்கும் அறையில் வேலை பார்க்கிறாள். காலையில் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். பாதி நாள் சண்டையோடுதான்.