நான்காவது ஹீட்டர் பிளக்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இலக்கிய தாகத்தால் பிறக்கவில்லை. நான் எழுதும் அறையில் என் அக்கா வந்து பாய் விரித்துவிட்டாள். அவளை எப்படியாவது அவள் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப நான் பட்ட பாட்டில் மிஞ்சியது இது.

அக்கா லாரி ஓட்டுகிறாள். அத்தான் மெக்கானிக். (கற்பனையில் இப்படியொரு ஜோடியைச் சேர்த்திருந்தால், ரொம்பத்தான் பொருத்தம் என்று நானே கோடு போட்டு அடித்திருப்பேன்.) பட்டறையில் நாலு பேர் முன்னால் அத்தான், "அவ வண்டி ஓடுதுன்னா அது என் தயவுல" என்று சொல்லிவிட்டார். விளையாட்டாகச் சொன்னாராம். அக்கா அன்றைக்கே லாரியைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தினாள். தூரத்து ஊரில் நிரந்தர வேலையும் பிடித்துவிட்டாள்; லீவுக்கெல்லாம் என் அறைக்கே வருவதாக ஏற்பாடு. முதல் லோடு, கமோடுகள். அவற்றை ஏற்றிக் கட்டி, கிளம்ப வேண்டிய காலையில் வண்டி கிளம்பவில்லை.

2.

என் முதல் வரி இப்படி இருந்தது: "பனி போர்த்திய வீதியில், துயில் கலையாத யானையென அந்த லாரி, தன் இரும்பு நெஞ்சுக்குள்..."

அக்கா வாசித்துவிட்டு, "யானை எங்கடா வந்துச்சு? ஹீட்டர் பிளக் போயிடுச்சுன்னு எழுது" என்றாள்.

எழுதுகிறேன். ஹீட்டர் பிளக்* போய்விட்டது. பென்சில் அளவுதான் இருக்கும். சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. குளிர்ந்து கிடக்கும் டீசல் எஞ்சினுக்கு உள்ளே போய்ப் பழுக்கக் காய்ந்து, எழுந்திரு என்று சூடு வைப்பது அதன் வேலை. அக்கா வண்டியில் நாலு. நாலும் செத்துவிட்டன.

"வேற மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?" என்று அன்று காலை அவளிடம் கேட்டேன்.

"வேண்டாம். அவரையே வரச் சொல்லு."

ஏன் என்றதற்கு, லோடு கட்டிய கயிற்றை இழுத்துப் பார்க்கப் போய்விட்டாள். (பாத்திரத்தின் நோக்கம் தெளிவாக இல்லை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.)

* புத்தகங்களில் க்ளோ பிளக். கடையில் அப்படிக் கேட்டால் நீங்கள் எழுத்தாளர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

3.

அத்தான் பெட்டியோடும் புதுப் பிளக்குகளோடும் வந்தார். கேபினை முன்பக்கமாகச் சாய்த்து எஞ்சினைத் திறந்தார். டார்ச் பிடிக்கும் பதவி எனக்கு. கூடவே தபால்காரர் பதவியும்.

"மச்சான், எத்தனை நாளா இப்படி மக்கர் பண்ணுதுன்னு ஓனரம்மாகிட்ட கேளு."

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு மெக்கானிக்கிட்ட சொல்லு."

இருவருக்கும் நடுவே ஒரு கை தூரம்தான். ஆனாலும் நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். ஒருமுறை சொல்லாமல் விட்டபோது இருவருமே என்னை முறைத்தார்கள்.

மூன்று பிளக்குகள் முனகிக்கொண்டே வெளியே வந்தன. நான்காவது அசையவில்லை. அத்தான் ஸ்பேனரை எடுத்துவிட்டு மூச்சு விட்டார்.

"கரி பிடிச்சு இறுகியிருக்கு. முறுக்கினா முனை உடைஞ்சு உள்ள விழுந்துடும். அப்புறம் எஞ்சின் ஹெட்டையே கழட்டணும். வண்டி ஒரு மாசம் எழுந்திருக்காது. சொல்லு மச்சான்."

சொல்லத் தேவையிருக்கவில்லை. அக்காவின் முகம் மாறியிருந்தது. ஒரு மாதம் யாரும் காத்திருக்க மாட்டார்கள். கமோடுகள் வேறு லாரிக்கு மாறும், வேலை வேறு ஆளுக்கு.

4.

இந்த இடத்தில் கதாசிரியனின் மனநிலையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு ஆனந்தமாக இருந்தது. பிளக் உடைந்தால் வேலை போகும், வேலை போனால் அக்கா வீடு திரும்புவாள், அறை எனக்கு, கதைக்கும் ஓர் உச்சக்கட்டம். அத்தானின் காதோரம் குனிந்தேன்.

"உடைச்சிடுங்க அத்தான். தானா உடைஞ்ச மாதிரி."

அவர் எண்ணெய்க் குப்பியை எடுத்தார்.

"டார்ச்சை நேராப் பிடி."

இந்தப் பதிலை நான் நம்பவில்லை. முதல் பிரதியில் அவரை உடைக்க வைத்தேன்; அக்கா அழுதாள்; இருவரும் கட்டிக்கொண்டார்கள். மகா மட்டம். இரண்டாம் பிரதியில் பிளக் தானாகவே உடைந்தது. யார்மீதும் தவறில்லை, ஆகவே யார்மீதும் அக்கறையும் வரவில்லை. அதையும் கிழித்தேன். நடந்ததையே எழுதுவது என்று முடிவு செய்தது வேறு வழியில்லாமல்தான்.

5.

அத்தான் பிளக்கைச் சுற்றி எண்ணெய் விட்டார். ஊறட்டும் என்று பம்பரில் உட்கார்ந்தார். அக்கா வாசற்படியில். பிறகு இம்மியளவு திருப்பினார், நிறுத்தினார், திருப்பியதில் பாதியைப் பின்னால் விட்டார், மறுபடி எண்ணெய். அந்தக் குளிரிலும் அவர் சட்டை நனைந்திருந்தது. அக்கா எப்போது படியை விட்டு எழுந்து வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. பார்க்கும்போது டார்ச் அவள் கையில் இருந்தது.

பிளக் வெளியே வந்தது. கன்னங்கரேல் என்று, முழுசாக.

புதியவற்றைப் பூட்டிக் கேபினை இறக்கினார். அக்கா ஏறிச் சாவியைத் திருகி, டேஷ்போர்டில் எரிந்த விளக்கு அணையும்வரை பொறுத்து, ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. பின்னால் கமோடுகள் பல்லைக் கடித்தன.

அக்கா ஜன்னல் வழியே குனிந்தாள்.

"இவன் உங்களை உடைக்கச் சொன்னான்ல?"

"சொன்னான்."

(துரோகி.)

"உடைச்சிருக்கலாமே. நான் எங்கயும் போயிருக்க முடியாது."

அத்தான் துணியில் விரல் விரலாகத் துடைத்தார்.

"அன்னைக்கு உளறினது வாய். கைக்கு அதெல்லாம் வராது."

"தெரியும். அதான் வேற ஆளைக் கூப்பிடலை."

அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி மறுபக்கம் வந்தார். அக்கா இருக்கையில் சாய்ந்து, எட்டி, அந்தப் பக்கத்துக் கதவின் பிடியில் கை வைத்தாள். கிளம்புமுன் அது பூட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். ஆள் ஏறுவதும் அந்தக் கதவு வழியாகத்தான்.

6.

அடுத்து நடந்ததை நான் பார்த்தேன். ஆனால் எழுத முடியாது. "அது எங்க ரெண்டு பேர் விஷயம், உன் வாசகருக்கு எதுக்கு?" என்கிறாள் அக்கா. அத்தானைக் கேட்டால், "அவ சொன்னா சரி" என்கிறார். (இதிலிருந்து எதையும் ஊகிக்காதீர்கள். அவர் கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான் சொல்கிறார். பட்டறையில் அந்த ஒரு நாள்தான் மறந்துபோனார்.)

ஆகவே கதவை உங்களிடம் விடுகிறேன். அக்காவின் கை பிடிமேல்தான் இருக்கிறது. அத்தான் கீழே நிற்கிறார். திறப்பதோ பூட்டுவதோ, கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும். தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறோம், பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்.