அண்ணன் அனுப்பிய கட்டு

கோபம் வந்தால் எனக்கு அகோரமாகப் பசிக்கும். அன்றைக்கு மத்தியானம் தம்பியின் சாப்பாட்டையும் சேர்த்துத் தின்றேன். அவனால் விழுங்க முடியவில்லை. காலையில் பிளாஸ்டிக்கை உருக்கும் மெஷின் மஞ்சள் புகை கக்கியபோது எல்லாரும் வாசலுக்கு ஓட, இவன் மட்டும் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு உள்ளே போய் ஹீட்டர்களை அணைத்தான். தொண்டை வெந்துவிட்டது. வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

எங்கள் வேலை இதுதான். மூன்று கம்பெனிகள் சேர்ந்த கூட்டு. பாட்டில் கம்பெனியில் கோணிப்போன பாட்டில்களும் வெட்டி மிஞ்சிய துண்டுகளும் எங்களுக்கு வரும். நாங்கள் அரைத்து, உருக்கி, குருணையாக்குவோம். பட்டை கம்பெனி அதை வாங்கி, அட்டைப்பெட்டிகளை இறுக்கிக் கட்டுகிற பட்டையாக இழுக்கும். வெளியிலிருந்து வரும் கழிவை என் பிரிவுப் பெண்கள் பெல்ட்டில் ஓடவிட்டுக் கையால் பிரிப்பார்கள். பாட்டில் கம்பெனிக் கட்டுகளை மட்டும் பிரிக்க மாட்டோம், அவை நேரே அரவைக்குப் போகும். கூட்டாளி அனுப்பியதைக் கிளறிப் பார்ப்பது மரியாதை இல்லையாம்.

அந்த மரியாதையைக் கண்டுபிடித்தவர் என் அண்ணன். பாட்டில் கம்பெனியில் கழிவுக் கிடங்கு மேனேஜர். மூன்று முதலாளிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தது தான்தான் என்று, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

சாப்பிட்டு முடித்ததும், அரவைக்குப் போகாமல் மிஞ்சியிருந்த மூன்று கட்டுகளில் ஒன்றை அறுத்தேன். பாட்டில் துண்டுகளுக்கு நடுவே பிளெக்ஸ் பேனர் சுருள் சுருளாகக் கிடந்தது. போன வாரம் கூட்டைக் கொண்டாடி விழா நடத்தினார்களே, அதற்கு அடித்தது. முதலாளிகள் கைகோத்து நிற்க, ஓரத்தில் அண்ணனும் நிற்பார். அவருடைய பாதி மீசைதான் முதலில் என் கைக்கு வந்தது.

பிளெக்ஸும் பிளாஸ்டிக்தான், ஆனால் வேறு ரகம். பாட்டில் உருகுகிற சூட்டை அது தாங்காது. கருகி அமிலப் புகை விடும், மெஷினின் இரும்பையே அரித்துவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அண்ணனுக்குத் தெரியாதா?

போன் போட்டேன்.

"விழா பிளெக்ஸ கட்டுக்குள்ள போட்டது யாருண்ணா?"

"மறுசுழற்சி விழா பேனரையே குப்பை லாரில ஏத்துனா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? அதான் வெட்டி உள்ள தள்ளச் சொன்னேன். பத்தோட பதினொண்ணா போயிடும்னு நெனச்சேன். நீ யார்கிட்டயும் வாயத் திறக்காத."

"தம்பிக்குக் கை வெந்து கிடக்குது."

"சாயங்காலம் முதலாளிங்க எல்லாரோடயும் அங்கதான் வர்றேன். நான் பாத்துக்கறேன், விடு."

பார்த்துக்கொண்டார், நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

எங்கள் முதலாளியின் அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிரிவுப் பொறுப்பாளி என்பதால் நானும், மெஷின்காரன் என்பதால் தம்பியும் சுவரோரம் நின்றோம். பட்டை கம்பெனி முதலாளி அம்மா கருகிய குருணையை மேஜையில் கொட்டி, "இத வெச்சு நான் என்ன பண்றது?" என்றார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "சரக்குல குறையில்லம்மா. ஆபரேட்டர் சூட்ட ஏத்தி வெச்சுட்டான். என் தம்பிங்கறதால நான் மூடி மறைக்கக் கூடாது."

எவ்வளவு நேர்மை! பாட்டில் கம்பெனி முதலாளியின் முகம் பெருமையில் மலர்ந்தது. எங்கள் முதலாளிக்கும் நிம்மதி. ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பினால் மூன்று பேரின் நட்பும் கெடாது.

"என்னப்பா, அப்படியா?" என்று தம்பியைக் கேட்டார். "அப்படின்னா நாளையிலிருந்து உன்ன வெச்சுக்க முடியாதே."

தம்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார்.

"ஆமா சார்," என்றான் தம்பி, வெந்த தொண்டையோடு. "சூடு கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் மேல் எவ்வளவு ஆத்திரமோ அவ்வளவு ஆத்திரம் இந்தப் பைத்தியக்காரன் மேலும். அடித்தவனைவிட, அடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவனை நாலு அறை விட வேண்டும் போலிருந்தது.

"பொய்," என்றேன். "ரெண்டு பேர் சொல்றதும் பொய். கட்டுல பிளெக்ஸ் இருக்கு. பிரிக்காத கட்டு இன்னும் ரெண்டு கீழ கிடக்குது. வாங்க, நீங்களே அறுத்துப் பாருங்க."

"நீ சும்மா இரு!" என்றார் அண்ணன்.

"நீ சும்மா இருந்தியா? கூடப் பொறந்தவன் புகைல நின்னு மெஷினக் காப்பாத்தினான். அவன் தலையிலயே போடறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

அதுவரை அண்ணனை நான் 'நீ' என்று கூப்பிட்டதில்லை.

கீழே போனார்கள், அறுத்தார்கள், பார்த்தார்கள். அண்ணனின் மேனேஜர் வேலை அன்றோடு போயிற்று. கூட்டு ஒன்றும் உடையவில்லை. பாட்டில் கம்பெனிக் கட்டுகளும் இப்போது என் பெல்ட்டில்தான் வருகின்றன. யாருக்கும் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை.

தம்பிக்கும் வேலை போகவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் துணிகளை எடுத்துப் பையில் திணித்தான்.

"அண்ணன நாலு பேர் முன்னால அசிங்கப்படுத்திட்டியேக்கா."

"அவர் உன்ன அசிங்கப்படுத்தினது?"

"அது நமக்குள்ள."

இப்போது அண்ணன் வீட்டிலிருந்துதான் வேலைக்கு வருகிறான். அவர்கள் இரண்டு பேருக்கும் நான்தான் குடும்பத்தைக் கெடுத்தவள். போகட்டும். நாளைக்கே மறுபடி அந்த அறையில் நிறுத்தினாலும் இதையேதான் சொல்லுவேன். மெஷினுக்குப் போக என் பெல்ட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தினமும் இருமிக்கொண்டே தாண்டிப் போகிறான். என் பக்கம் திரும்புவதில்லை.