கோயில் குதிரையின் வாய் அளவு

மிளகு மூட்டை மறுபடியும் சரிந்தது. நான் கயிற்றை இழுத்தது இந்தப் பக்கம். குதிரைக்குட்டி செவலை திரும்பியது அந்தப் பக்கம். நாளைய சந்தைக்குப் பழக்கிப் பார்க்கலாமென்று கிளம்பி, மலையடிவாரக் காரவள்ளிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் இன்னும் முதல் வளைவைக்கூடத் தாண்டவில்லை. முதுகிலிருந்த மூட்டை முள்ளில் சிக்கி, வாய் அவிழ்ந்து, மிளகு கல்லிடுக்கெல்லாம் ஓடியது. கொட்டிய மகராசன் நகரவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி, வாயில் கிடந்த கடிவாளத்து இரும்பை மென்றுகொண்டிருந்தான். கறுக், கறுக், கறுக். நுரை வழிந்து என் தாவணியில் சொட்டியது. நான் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். தரையில் கொட்டிய மிளகைப் பொறுக்கியவர்களுக்குத்தான் தெரியும், இந்த மலையில் அதே நிறத்தில் எத்தனை வகை உருண்டை இருக்கிறதென்று. ஆட்டுப் புழுக்கையும் அதில் சேர்த்தி.

வாழைத்தார் சுமந்துகொண்டு மேலேயிருந்து இறங்கிய காளியண்ணன் மாமன் எங்களைப் பார்த்து நின்றார்.

"ஏங் கண்ணு, குதிரைக்குப் புல்லு போடறீங்களா, இரும்பு போடறீங்களா?"

நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கீழ ரோடு போடறதுக்குக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சுட்டுப் போயிட்டாங்க. ரோடு வந்து, லாரியே மேல ஏறி வந்தாலும், உங்க செவலை இங்கயே நின்னு மென்னுக்கிட்டுத்தான் இருக்கும் போ."

தார் குலுங்கச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பதில் என்று ஒன்று எனக்கு எப்போதும் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் வரும். அன்றும் அப்படித்தான். மூட்டையை ஏற்றிக் கட்டிக்கொண்டு திரும்பும்போது மாமனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் செவலையிடம் சொன்னேன். அது காதை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மென்றது.

மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் பக்கத்து ஊர்களில் மாடு உண்டு, ஆடு உண்டு. குதிரை வைத்திருந்த வீடு கிடையாது. எல்லாருக்கும் தலைச்சுமைதான். அப்பாவும் சிவப்புத் துண்டைச் சும்மாடாகச் சுற்றி, அதன்மேல் மூட்டை வைத்து இறங்கிக்கொண்டிருந்தவர்தான். போன மழைக்குப் பிறகு அவருடைய வலது முழங்கால் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கிப்போனது. இனிச் சுமையோடு சரிவில் இறங்கினால் கால் நிரந்தரமாக மடங்காது என்றார் வைத்தியர். அதனால்தான் இந்த மட்டக்குதிரைக் குட்டி வந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் நின்றவள் நான் ஒருத்திதான். குதிரை என் தலையில் விழுந்தது. விற்றவர், படியாவிட்டால் திருப்பி ஓட்டி வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அப்பாவும் சொல்லிவிட்டார்: "நாளைக்குச் சந்தை. நாளைக்கும் இப்படியே நின்னா உட்டுட்டு வந்துர்றேன். மூட்டைய நானே தூக்கிக்கறேன்." சும்மாட்டுத் துண்டு துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் செவலையின் மேல்தான் கோபம் வந்தது.

நான் செய்யாத வைத்தியமில்லை. மெல்லாமலிருக்க இரும்பில் வேப்பெண்ணெய் தடவினேன், நக்கித் தின்றது. அம்மாவின் யோசனைப்படி மிளகாய் அரைத்துத் தடவினேன். அன்றைக்கு இன்னும் வேகமாக மென்றது. திருநீறு போட்டேன், தும்மியது.

வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு, வந்த ஆத்திரத்தில் அதன் வாயைப் பிடித்து, "என்னதான் இருக்குது இதுல, காட்டு பாப்போம்" என்று விரலை உள்ளே விட்டேன். உதட்டோரத்துக்கும் வளையத்துக்கும் நடுவே என் கையே நுழைந்தது. இரும்பு இந்தக் கடைவாய்க்கும் அந்தக் கடைவாய்க்கும் ஓடி விளையாடியது. ஓரங்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது. நாக்கில் புரளுகிற ஒன்றை அது மெல்லாமல் என்ன செய்யும்?

"ஏம்மா, இந்தக் கடிவாளத்துக்கு யார் அளவு கொடுத்தது?"

அம்மா முறத்திலிருந்து தலை தூக்கவில்லை. "உங்கப்பாதான். வேற யாரு? வாழை நாரை எடுத்துக்கிட்டுப் போயி, கறுப்பனார் கோயில் குதிரை வாய அளந்துட்டு வந்து சென்றாயன்கிட்டக் கொடுத்தாரு."

"மண்ணு குதிரையவா?"

"அப்ப நம்ம குட்டி வரலியே. இந்தப் பக்கம் வேற ஏது குதிரை?" என்றவள், தானே ஒருமுறை யோசித்துவிட்டு, முறத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோயில் குதிரை இரண்டு ஆள் உயரம். அதன் வாயில் எங்கள் குட்டியின் தலையே நுழையும்.

கடிவாளத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, செவலையைக் கழுத்துக் கயிற்றில் பிடித்தபடி கொல்லர் சென்றாயனின் உலைக்குப் போனேன். நீளத்தைக் குறைத்துத் தரச் சொன்னேன்.

"வெட்டறதா?" சென்றாயன் துருத்தியை விட்டுவிட்டு எழுந்தார். "சாமி குதிரை வாய் அளவெடுத்து, படையல் போட்டு அடிச்ச இரும்பு கண்ணு இது. இதுமேல உளி வெச்சா எங் கை வெளங்குமா?"

"பெருசா இருக்குதுங்க."

"அளவு சரி. உங்க குதிரைக்குத்தான் வாய் சின்னது. வளர்ற குட்டிதானே? வளரட்டும்."

பக்கத்தில் ஏர்க்கொழு தீட்டக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். செவலையின் வாயில் அப்போது இரும்புகூட இல்லை. பழக்கத்தில் வெறும் வாயை மென்றுகொண்டு, அவர்களோடு சேர்ந்து என்னைக் கேலி செய்வதுபோல நின்றது. எனக்குக் கண்ணீர் முட்டியது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

திரும்பும் வழியில் கறுப்பனார் கோயில். பதில் அங்கேதான் வந்தது. கறுப்பனாருக்கு ஒருமுறை போட்ட பொருளை யாரும் திரும்ப எடுக்கக் கூடாது. மணியானாலும் அரிவாளானாலும் அப்படியே கிடந்து துருப்பிடிக்க வேண்டியதுதான். நான் பீடத்தில் கால் வைத்து ஏறி, பல் தெரியத் திறந்திருந்த மண் குதிரையின் வாயில் இரும்பைச் செருகினேன். கடைவாயிலிருந்து கடைவாய்க்கு அச்சாகப் பொருந்தியது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்பாவின் அளவில் ஒரு தப்பும் கிடையாது.

அன்று சாயங்காலமே கற்றாழை நாரில், கன்றுக்குக் கட்டுவதுபோல மூக்கைச் சுற்றி வரும் கயிறு ஒன்று திரித்தேன்.

விடிந்ததும் சிவப்புத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டே அப்பா வெளியே வந்தார். எதற்கும் தயாராக வந்தவர்போல.

"கடிவாளம் எங்க சாமி?"

"கறுப்பனார் குதிரைக்குப் போட்டுட்டனுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "சேந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"அச்சாச் சேந்துருச்சுங்க."

குனிந்து மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். மூட்டையை ஏற்றினோம். செவலை மூக்குக் கயிற்றுக்கு நடந்தது. நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். கண்ட தழையில் வாய் வைத்தது, கல்லை முகர்ந்து நின்றது, என் பின்னலை இழுத்துப் பார்த்தது. ஆனால் இழுத்த பக்கம் திரும்பியது. அப்பா பின்னால் காலை இழுத்து இழுத்து வந்தார். நேற்று மிளகு கொட்டிய வளைவு வந்தது. செவலை அங்கே வந்ததும் நின்றுவிட்டது. நான் இழுத்தேன். நகரவில்லை.

"நிக்குது பாரு. எனக்குத் தெரியும்," என்றபடி அப்பா முன்னால் வந்து, மூட்டையைத் தன் தலைக்கு மாற்றிக்கொள்ள, கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். செவலை கழுத்தைத் திருப்பியது. அவர் தலையிலிருந்த சும்மாட்டைப் பல்லால் கவ்வி, உருவி எடுத்து, பழையபடி மென்றது.

"அப்பா, புடுங்கட்டுங்களா?"

அவர் கை பாதி நீண்டு நின்றது. அதற்குள் குட்டி தானாகவே சரிவில் காலை வைத்தது. கயிறு என் கையில் விறைத்தது. மூட்டை ஆடியது, சரியவில்லை. அப்பா வெறுந்தலையைத் தடவிக்கொண்டு நின்றார். முன்னால், செவலையின் வாயோரத்தில் சிவப்புத் துண்டின் முனை ஒன்று, ஒவ்வொரு அடிக்கும் ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது.