ஆறு காலி பிரேம்கள்

இருபத்திரண்டு வருடமாகச் சான்றிதழ்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பிரேம் போடுகிறேன். எத்தனையோ டாக்டர்களும் வக்கீல்களும் என் மேஜைமேல் குப்புறக் கிடந்திருக்கிறார்கள். அதனால் படிப்பு விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு தலைக்கேறியிருந்தது. நான் படித்தது பத்தாவது. அதிலும் பாதி.

என் அளவுகோல் சுலபமானது. தடித்த காகிதம், தங்க முத்திரை, கீழே குறைந்தது இரண்டு கையெழுத்து. இவை இருந்தால் நல்ல படிப்பு. பிரேம் போட முடியாதது படிப்பே இல்லை.

மகள் நாலு வருடப் படிப்புக்குக் கல்லூரியில் சேர்ந்தாள். கட்டாயப் பாடங்கள் போக, பருவத்துக்கு ஒரு பாடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று பட்டியல் தாளைக் காட்டினாள். நான் பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

"கிரெடிட்னு ஒண்ணு இருக்குப்பா. நூத்திருபது சேர்ந்தாத்தான் டிகிரி."

"அதை மாட்டி வைக்க முடியுமா?"

"முடியாது. கம்ப்யூட்டர்ல நம்பரா இருக்கும்."

"அப்புறம் அது எதுக்கு?" என்று சொல்லி, முடிவில் சான்றிதழ் தருவதாகப் போட்டிருந்த கையெழுத்துக் கலைக்கு டிக் அடித்தேன். அன்றைக்கே கடையில் ஆணியும் அடித்தேன். பருவம் முடிந்ததும் தங்க முத்திரையோடு சான்றிதழ் வந்தது. கல்லாவுக்குப் பின்னால் மாட்டி, சில்லறை வாங்க வந்தவரைக்கூட நிறுத்திவைத்துக் காட்டினேன்.

அடுத்த பருவம் மலர் அலங்காரம். அப்புறம் மேடைப் பேச்சு. இப்படி அடுத்தடுத்து மொத்தம் ஆறு. அந்தச் சான்றிதழ்கள் மட்டும் வரவில்லை. கேட்டால், "கடைசியில பாத்துக்கலாம்பா" என்பாள். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. ஆறு பிரேம்களை முன்கூட்டியே செய்து வரிசையாக மாட்டிவிட்டேன். யாராவது கேட்டால், "எல்லாம் வந்துக்கிட்டே இருக்கு" என்பேன்.

கடைசிப் பருவத்தில், கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் குடும்பப் படத்துக்குப் பிரேம் போட வந்தார். விடுவேனா? ஏழு பாடத்தையும் ஒப்பித்தேன். அவர் முகம் சுருங்கியது.

"இதெல்லாம் சனிக்கிழமை வகுப்புங்க. நல்லாச் சொல்லித் தருவாங்க. ஆனா கிரெடிட் கிடையாது, டிகிரிக்குச் சேராது."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. பாடத்துக்கு மூணுன்னா, இருபத்தொண்ணு குறையுமே. இந்த வருஷம் டிகிரி வராதுங்க."

மகளுக்கு வேலை தயாராக இருந்தது. டிகிரியோடு அடுத்த மாதம் சேர வேண்டும். அந்த அம்மாவின் படத்தைத் தலைகீழாக உறையில் போட்டு வைத்துவிட்டு, கடையை இழுத்துச் சாத்தினேன்.

வீட்டில் மகள் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் படிப்பை நானே கெடுத்துட்டேன்மா," என்றேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

மகள் போனில் ஒரு பட்டியலை எடுத்துக் காட்டினாள். இந்தப் பருவத்தோடு சரியாக நூற்றிருபது. புள்ளியியல் இருந்தது, பொருளாதாரம் இருந்தது. மலர் அலங்காரத்தைக் காணோம்.

"அப்ப நான் டிக் அடிச்ச தாளெல்லாம்?"

"பருப்பு டப்பாவுக்கு அடியில விரிச்சிருக்கேன்," என்றாள் மனைவி, மடிப்பதை நிறுத்தாமல்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனேப்பா. நீங்க மாட்டி வைக்க முடியுமான்னு கேட்டீங்க."

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். அசடு வழிந்தது. கூடவே கண்ணீரும். வாழ்க்கையில் என் பேச்சை யாரும் கேட்காததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. "அப்ப கடையில மாட்டியிருக்கிற சர்டிபிகேட்? அதுவும் பொய்யா?"

"அது நெஜம்தான். பன்னெண்டு சனிக்கிழமை போனேன்."

"கிரெடிட் இல்லைன்னு தெரிஞ்சுமா?"

அவள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்கதான் முதல் நாளே ஆணி அடிச்சிட்டீங்களேப்பா."